வேலு பார்த்த முகம்

1

போன வாரம் என் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. இன்னும் ஒரு வருடம் இந்த ஊரில் இருக்கலாம். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நானும் கணவரும் யாங்கோனின் தாமுவே பகுதியில் தெருவோரக் கடை ஒன்றில் அத்தோ நூடுல்ஸ் சாப்பிடுவது வழக்கம். சென்னையில் நீங்கள் சாப்பிடும் அத்தோவுக்கும் இதற்கும் ஒன்றுவிட்ட உறவுதான். ஆனாலும் பெயருக்காக ஒரு பிரியம். இந்த முறை அவர் கூப்பிட்டும் நான் போகவில்லை.

முத்திரை வாங்குவது லேசான காரியம் இல்லை. வீட்டுக்காரர் கடிதம், வட்டார அலுவலகக் கடிதம், காது தெரியும்படி எடுத்த போட்டோ, கம்பெனிக் கடிதம் எல்லாம் வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞர் "என்ன வேலை?" என்று கேட்டார். நான் என் பர்மிய மொழியில் பதில் சொன்னதும் பக்கத்து மேஜைக்காரரும் சேர்ந்து சிரித்தார். இந்த மொழியில் ஒரு சொல்லைக் கொஞ்சம் இழுத்தால் அர்த்தம் வேறு, வெட்டினால் வேறு. என்ன சொல்லித் தொலைத்தேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. என் மகள் நிலா பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

இத்தனை காகிதத்திலும் உயிர் கம்பெனிக் கடிதத்தில் இருக்கிறது. அதில் ஊ மியா கையெழுத்துப் போடவேண்டும். 'ஊ' என்பது பெரியவர்களின் பெயருக்கு முன்னால் வரும் மரியாதை. அவர் எங்கள் முதலாளி. கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்று இந்த வருடம்தான் முதல் தடவையாகப் பயந்தேன். அந்தப் பயத்தின் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முத்திரை விழுந்த பிறகும் அந்தக் கனம் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

2

ஊரில் நான் காக்கி போட்டவள். காவலர் பயிற்சிப் பள்ளியில் பல வருடம் இருந்தேன். காலையில் கவாத்து, பிறகு சட்டம், மதியச் சாப்பாடு முடிந்ததும் விசாரணை முறை. அந்த மதிய வகுப்பை யாரும் எடுக்கமாட்டார்கள், அதனால் அது என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். அவர்களை எழுப்புவதற்காக ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். வகுப்பு நடக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் திடுதிப்பென்று உள்ளே வந்து, மேஜையில் இருக்கும் என் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். "யார் வந்தது? எழுதுங்கள்" என்பேன். ஒருவர் மீசை என்பார், இன்னொருவர் மழுங்கச் சிரைத்த முகம் என்பார். ஒரு பிள்ளை கையில் கத்தி இருந்தது என்றே எழுதிவிட்டது.

விளையாட்டாக ஆரம்பித்தது பிறகு படிப்பில் கொண்டுபோய் விட்டது. கல்லூரியில் குற்றவியல் நடத்திய தோழி ஒருத்தி ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுப்பாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பேன். ஒரே ஒரு படத்தைக் காட்டி 'இவன்தானே?' என்று சாட்சியிடம் கேட்காதே. பல படங்களோடு கலந்து காட்டு. காட்டுகிறவருக்குச் சந்தேக நபர் யார் என்று தெரியக்கூடாது, தெரிந்தால் அவர் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். 'இதில் அவன் இல்லாமலும் இருக்கலாம்' என்று முதலிலேயே சொல்லிவிடு. இப்படி இப்படி. நான் அதை வகுப்பில் சொல்லிக்கொடுக்க, பெரிய அதிகாரி ஒருவர் எனக்கு 'ஆராய்ச்சி அம்மா' என்று பெயர் வைத்தார். "கட்டுரை படிச்சா திருடன் மாட்டுவானாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு முகம் சிவந்துபோகும்.

அவரே மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால், 'ஆய்வுகள் சொல்கின்றன' என்று ஆரம்பித்து என் பாடத்தைத்தான் ஒப்பிப்பார். பயிற்சி கொடுக்கிறவர்கள் ஆராய்ச்சியை மதிப்பதில்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். எல்லோருக்கும் அது வேண்டும். நாம் ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஒரு சால்வை போர்த்த வேண்டும், அவ்வளவுதான். நான் அப்படி இல்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் யாங்கோனுக்குக் கப்பல் ஏறினேன். கப்பல் என்பது பேச்சுக்கு, விமானம்தான். என் கணவர் உளுந்து வியாபாரத்துக்காக இங்கே வந்து தங்கிவிட்டார். நீங்கள் காலையில் சாப்பிட்ட இட்லியில் ஒரு பங்கு உளுந்து இந்தத் துறைமுகத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். அவர் பின்னால் நானும் நிலாவும் வந்தோம். வரும்போது அவள் பள்ளிப் பிள்ளை. இன்று பர்மிய மொழியில் கனவு காண்கிறாள், நான் தமிழில் கேட்டால் பர்மிய மொழியில் பதில் சொல்கிறாள். கன்னத்தில் தனகா மரப்பட்டைக் குழம்பைப் பூசிக்கொண்டு, நம் லுங்கி போன்ற லொன்ஜியில் நிற்கும்போது, இவள் யார் பெற்ற பெண் என்று சில சமயம் எனக்கே சந்தேகம் வரும். அதற்காக நான் அவளோடு போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சம் இல்லை.

3

நகர நடுவில், கியாக்டடாவில், சூலே பகோடா என்ற புத்தர் கோயிலுக்குப் பக்கத்தில், மரப்படி தேய்ந்த பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். கடைகளுக்கும் வங்கிகளுக்கும் காவலாளிகளை அனுப்பும் கம்பெனி. ஊ மியா ஓய்வு பெற்ற போலீஸ்காரர், அவரும் பயிற்சிப் பிரிவில் இருந்தவர். என் பழைய வேலையைக் கேட்டதும் உடனே சேர்த்துக்கொண்டார். நான் அங்கே பயிற்சி மேற்பார்வையாளர். காவலாளிகள் என்னை 'சயாமா' என்பார்கள். டீச்சர் என்று அர்த்தம். டாக்டரம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எனவே மரியாதை கொஞ்சம் தூக்கல்தான்.

நாங்கள் காவல் போட்டிருந்த ஒரு செல்போன் கடையில் ஒரு காலையில் திருட்டு நடந்தது. கடைக்குப் பின்னால் இருக்கும் சந்துக் கதவு வழியாகப் புதுப் போன்கள் இருந்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு எவனோ ஓடிவிட்டான். அன்று காவலில் இருந்தது வேலு. தாத்தா காலத்தில் முனிசிபாலிட்டி வேலைக்கு வந்த குடும்பம். நாற்பதைத் தாண்டியவர், எல்லோருக்கும் 'கோ வேலு', வேலு அண்ணன் என்பதுபோல. தமிழ் பேசுவார். இடையிடையே பர்மியச் சொற்கள் வந்து விழும். சாதுவான மனிதர், கூப்பிட்டால் ஓடி வருவார்.

நான் போய்ச் சேருவதற்குள் ஊ மியா விசாரணையை முடித்திருந்தார்.

"முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்கிறான்" என்றார். பிறகு தன் போனை என்னிடம் நீட்டினார். அதில் ஒரு பையனின் படம். "சிட் கோ. இதே கடைக்குச் சைக்கிளில் பார்சல் கொண்டுவந்துகொண்டிருந்தவன். போன மாதம் கடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டான், நிறுத்திவிட்டார்கள். வேலுவைக் கூப்பிட்டு இதைக் காட்டப்போகிறேன்."

எனக்குப் பையனைத் தெரியும். தாமுவே சந்தையில் கீரை விற்கும் பாக்கியம் அக்காவின் மகன். வீட்டில் சுப்பிரமணி, வெளியே சிட் கோ. இங்கே பலருக்கும் இப்படி இரண்டு பெயர். அப்பா பர்மாக்காரர், இப்போது இல்லை. சில நாள் சந்தையில் அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு நிற்பான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும்.

அந்த வயதுதான் எனக்குப் பயம் தந்தது. இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கும் சட்டம் வந்த பிறகு, இங்கே அந்த வயதுப் பையன்களை வைத்திருக்கும் தாய்மார்கள் வாசலில் யாராவது தட்டினாலே நடுங்குகிறார்கள். திருட்டுச் சந்தேகத்தில் ஒருவன் ஸ்டேஷனுக்குள் போனால், எந்த வாசல் வழியாக வெளியே வருவான் என்று யாராலும் சொல்லமுடியாது. இது ஊ மியாவுக்கும் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. கடைக்காரர், ஆளைக் காட்டாவிட்டால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தியிருந்தார். அந்தத் தெருவில் எங்களுக்கு இருந்த எல்லாக் கடைகளும் அவர் பின்னால் போய்விடும்.

"படத்தைக் காட்டாதீர்கள்" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். ஒரே படம் காட்டக்கூடாது, கலந்து காட்டவேண்டும், காட்டுகிறவருக்குத் தெரியக்கூடாது என்று முழுப் பாடத்தையும். அவர் பொறுமையாகக் கேட்டார். "முப்பது வருடம் நான் கண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்லியிருக்கிறேன், சயாமா" என்றார். பிறகு, "சரி, உங்கள் முறைப்படியே செய்யுங்கள். நாளைக்கு யாரும் நம்மைக் குறை சொல்லமுடியாது" என்றார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

4

அன்று முழுவதும் அலைந்து, சிட் கோவின் வயதும் சாயலும் உள்ள பையன்களின் படங்களைச் சேர்த்தேன். சிட் கோவின் படத்தையும் நடுவில் வைத்தேன். மறுநாள் மாலை, கணக்கு எழுதும் மா கின் என்ற பெண்ணிடம் கொடுத்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது. ஊ மியாவை வெளியே அனுப்பினேன். நான் கதவோரம், படங்கள் தெரியாத இடத்தில் நின்றேன்.

சாட்சி பதற்றமில்லாமல் இருக்கவேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. எனவே வேலுவுக்கு மொஹிங்கா வாங்கிக்கொடுத்தேன். மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ் அது, அவருக்கு உயிர். பால் டீயும் சொன்னேன். "டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரத்துல உங்களை உக்கார வச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க. இந்தப் படத்துக்காக நேத்து முழுக்க நடையா நடந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயோ, எனக்காகவா இம்புட்டு செரமம், சயாமா?"

"உக்காருங்க. இதுல அவன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க."

"ஹொட்கே, சயாமா" என்றார். ஆமாம் என்று அர்த்தம்.

மா கின் படங்களை ஒவ்வொன்றாக வைத்தாள். வேலு வெகுநேரம் பார்த்தார். மின்சாரம் போய், கீழே ஜெனரேட்டர் உறும ஆரம்பித்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

சிட் கோ.

ஊ மியா உள்ளே வந்து படத்தைப் பார்த்தார். வெற்றி பெற்ற மனிதரின் சிரிப்பு ஒன்றும் இல்லை அவர் முகத்தில். "உங்கள் ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது" என்று மட்டும் சொன்னார். "ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்தவர் நாளை மதியம் இருப்பார். போய்ச் சொல்லிவிடுகிறேன். முறைப்படி நடத்தினோம் என்றும் சொல்வேன்."

அவர் தன் போனைக் காட்டியிருந்தால், அது ஒரு முதலாளியின் அவசரம் என்று யாராவது பின்னால் சொல்லியிருக்கலாம். இப்போது அந்த அவசரத்துக்கு ஆராய்ச்சிச் சால்வை போர்த்தியவள் நான்.

5

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பாக்கியம் அக்கா வந்துவிட்டார். கடைப் பையன்கள் மூலம் விஷயம் கசிந்திருந்தது. கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் கீரையோடு வந்து நின்றார்.

"படத்தக் காட்டுனாங்களாமே, சயாமா. என் புள்ள படத்த."

"காட்டினோம், அக்கா."

"திருட்டு நடந்த அன்னிக்கிக் காலையில அவன் எங்கூடத்தான் இருந்தான். மூட்ட எறக்குனான். ஆனா நான் அம்மாதான? நான் சொன்னா எவன் கேப்பான்?" அவர் அழவில்லை. கீரைக்கட்டின் நாரைப் பிய்த்துக்கொண்டே பேசினார். "உங்களுக்குப் படிப்பு இருக்கு. நீங்க சொன்னா கேப்பாக. நாளைக்கி மத்தியானமாமே?"

"பாக்கிறேன், அக்கா. நாளைக்குக் காலையில நான் ஏதாவது செய்யறேன்."

"ஹொட்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை கைகாட்டிவிட்ட சாட்சியை மறுபடி உட்காரவைத்துப் பிரயோஜனம் இல்லை. இரண்டாம் தடவை அவர் பார்ப்பது திருடனின் முகமாக இருக்காது, முதல் தடவை பார்த்த படமாகத்தான் இருக்கும். நேராக வேலுவிடம் போய், 'நிச்சயமா? யோசித்துப் பாருங்கள்' என்று கேட்டாலும் நான் அவரைத் தள்ளுவதாகத்தான் ஆகும். பையனைக் காப்பாற்றவேண்டும் என்ற ஆசை எனக்கு வந்துவிட்டது. ஆசை வந்தவள் கேள்வி கேட்கக்கூடாது.

கணவர், "ஊ மியாவை எதிர்த்துக்கிட்டா உன் கடிதம் என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. வேலை போனால் என் அனுமதி போகும், நான் ஊருக்கு மூட்டை கட்டவேண்டும், என் அனுமதியோடு ஒட்டியிருக்கும் நிலாவின் படிப்பும் நடுவில் நிற்கும். எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை என்றாலும் அவர் மேல்தான் காட்டினேன்.

நிலா கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ வேலு அங்கிள்கிட்ட எப்படிக் கேட்ட?"

சொன்னேன். மொஹிங்கா, டீ, மன்னிப்பு, நடையாய் நடந்த கதை, இல்லையென்றால் இல்லை என்று சொல்லும்படி சொன்னது. எல்லாம் ஒழுங்காகச் செய்தேன் என்றேன்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அம்மா. நீ அவ்வளவும் செஞ்ச அப்புறம் அவர் எப்படி 'இல்லை'ன்னு சொல்வார்? ஆனாடே இல்லையா?"

ஆனாடே. இந்தச் சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. எதிரில் இருப்பவர் மனம் கோணிவிடக்கூடாதே, நமக்காகப் பட்ட பாடு வீணாகிவிடக்கூடாதே என்ற கூச்சம். விருந்தாளி பசித்தாலும் சாப்பிட்டுவிட்டேன் என்பார். வழி தெரியாதவரும் கையை நீட்டி ஒரு வழி காட்டுவார். இத்தனை வருடம் இங்கே இருந்து, நான் அதை ஒரு நல்ல குணம் என்று ஊருக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

"நீ சயாமா. நீ சாப்பாடு வாங்கிக் குடுத்து, சாரி வேற சொன்ன. வெறுங்கையோட உன்ன அனுப்பினா அவருக்குப் பாவம் மாதிரி இருக்கும். தெரிஞ்ச மூஞ்சி எதுவோ அதக் காமிச்சிருப்பார்."

தெரிந்த முகம். சிட் கோ அந்தக் கடைக்குத் தினமும் பார்சல் கொண்டுவந்தவன். வேலு அந்தக் கதவில் நின்றவர். பெயர் தெரியாமல் போனாலும் முகம் பழகியிருக்கும். எந்த மண்ணின் கூச்சத்தை என் மகள் அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டாள் என்று சண்டை போட்டேனோ, அது எனக்குத் துளிக்கூடத் தெரிந்திருக்கவில்லை. நான் படித்த கட்டுரைகளை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் ஊரில் 'இல்லாமலும் இருக்கலாம்' என்று சொன்னால் போதும் போலிருக்கிறது.

"அப்போ யார் கேட்டா 'இல்லை'ன்னு சொல்வாங்க?" என்று கேட்டேன்.

நிலா யோசித்தாள். "யாருக்கு மரியாதை குடுக்க வேணாமோ, அவங்க கேட்டா."

6

மறுநாள் காலையில் எல்லாக் காவலாளிகளுக்கும் மாதாந்திர வகுப்பு. ஊ மியாவைக் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னேன். "மதியம் நீங்கள் போகுமுன் இதைப் பாருங்கள்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். வேலு இரண்டாவது வரிசையில் இருந்தார். அவரை இந்தப் பரிசோதனையில் சேர்க்கவில்லை, சும்மா பார்க்கச் சொன்னேன்.

என் பழைய விளையாட்டுத்தான். வகுப்பு நடுவில், யாருக்கும் பழக்கமில்லாத ஒரு டிரைவர் உள்ளே வந்தார். என் குடையை எடுத்தார், போனார். காவலாளிகள் எழுந்து கத்தினார்கள். உட்காரச் சொல்லி, அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தேன். படங்களையும் தயாராக வைத்திருந்தேன். ஊ மியாவிடம் மட்டும் காதோடு சொன்னேன், இந்தப் படங்களில் அந்த டிரைவர் இல்லவே இல்லை என்று.

முதல் கூட்டத்தை ஒவ்வொருவராக அழைத்து நானே டீ கொடுத்தேன். வேலுவிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். சிரமம் கொடுத்துவிட்டேன், உங்களுக்காக அலைந்தேன், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எல்லோரும் ஹொட்கே என்றார்கள். எல்லோரும் ஏதோ ஒரு படத்தைக் காட்டினார்கள். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை.

இரண்டாவது கூட்டத்தைக் கீழே அனுப்பினேன். கட்டட வாசலில் வெற்றிலை மடித்து விற்கும் பெண்ணிடம் அதே படங்களின் இன்னொரு செட்டைக் கொடுத்திருந்தேன். அவளுக்கு இதில் ஒரு அக்கறையும் கிடையாது. சுண்ணாம்புக் கையோடு படங்களைத் தள்ளி, "இதுல இருக்கானா? இல்லேன்னா நகரு, வியாபாரம் கெடுது" என்று விரட்டியிருக்கிறாள். ஒரே ஒருவர் ஒரு படத்தைக் காட்டினார். மற்றவர்கள் எல்லோரும் "இல்லை" என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டார்கள்.

டிரைவரை மறுபடி உள்ளே அழைத்து நிறுத்தினேன். படங்களை எல்லோருக்கும் காட்டினேன். "இவர் இதில் இருக்கிறாரா?" அறை முழுக்க ஒரே சிரிப்பு. முதல் கூட்டத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வேலு சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து நின்றார். தமிழில்தான் பேசினார், என்னிடம் மட்டும் பேசுவதுபோல.

"சயாமா, நேத்து நீங்க காட்டுனதுலயும் ஆள் இல்லாம இருந்திருக்குமோ?"

நான் 'ஆமாம்' என்று தலையாட்டிவிடாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரியாது, வேலு. திருட்டு நடந்தப்ப நான் அங்க இல்லையே. நீங்கதான் இருந்தீங்க. அன்னிக்கி என்ன நடந்துச்சோ, ஆரம்பத்துலேருந்து நீங்களே சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்கலை."

அவர் மரியாதைக்கு லொன்ஜி முடிச்சைச் சரிசெய்துகொண்டார். "நான் முன்வாசல்ல இருந்தேன். பின்னால கதவு சத்தம். ஓடுனேன். சந்துல ஒருத்தன் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுறான். கறுப்புச் சட்ட, தொப்பி. கத்துனேன். அவன் திரும்பவே இல்ல." நின்றார். "மொகத்த நான் பாக்கல, சயாமா. முதுகத்தான் பாத்தேன்."

"முகத்தைப் பாத்தேன்னு..."

"பெரியவரு 'மொகத்தப் பாத்தியா'ன்னு அப்புடிக் கேட்டாரு. ஹொட்கேன்னேன். காவக்காரன் மொகத்தப் பாக்கலன்னா அவருக்கு எம்புட்டு அவமானம்? அப்பறம் நீங்க மொஹிங்கா வாங்கிக் குடுத்தீங்க. அந்தப் பய மொகம் எங்கயோ பாத்த மொகமா இருந்துச்சி. அதுதான்."

நான் ஊ மியாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், ஒரு சொல்லையும் மெருகேற்றாமல். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே சூலேயைச் சுற்றி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"பயிற்சிப் பள்ளியில் என்னிடம் எத்தனை பேர் ஹொட்கே சொல்லியிருப்பார்கள்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மதியம் அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்து, எங்களிடம் காட்ட ஆள் இல்லை என்று சொன்னார். மறுமுனையில் கத்தியது எனக்கே கேட்டது. அந்தத் தெருக் கடைகள் எல்லாம் எங்களை விட்டுப் போய்விட்டன. வேலுவை வேறு இடத்தில் போட்டார், வேலையை விட்டு எடுக்கவில்லை. பல வாரம் கழித்து, என் கடிதத்தை என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு மேஜையில் தள்ளினார். நான் நன்றி சொன்னேன். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.

7

வகுப்பு முடிந்த கையோடு நான் தாமுவே சந்தைக்கு ஓடினேன். பாக்கியம் அக்காவின் இடம் காலியாக இருந்தது, சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் தக்காளி விற்பவர், "மகனை பஸ் ஏத்திவிடப் போயிருக்கு. விடியுமுன்ன போச்சு" என்றார். எங்கே என்று கேட்டேன். அவர் கிழக்குப் பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் தாய்லாந்து எல்லை.

முந்தின நாள் என் வீட்டு வாசலில், நாளைக்குக் காலையில் ஏதாவது செய்கிறேன் என்று நான் சொன்னதற்கு அவர் ஹொட்கே சொன்னார் அல்லவா? நான் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். அவர் வீட்டுக்குப் போனதும் மகனின் துணியை மூட்டை கட்டியிருக்கிறார். நான் கலந்து வைத்த படங்களுக்குப் பயந்துதான் அவன் போனான். வேலு தன் வாயால் உண்மையைச் சொன்ன நேரத்தில் அவன் எங்கேயோ ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். வேறு ஊரில் பிறந்த எனக்கு இங்கே இருக்க முத்திரை கிடைக்கிறது. இந்தச் சந்தையில் பிறந்தவனுக்கு இருக்க இடம் இல்லை.

இப்போது வகுப்பில் பாடத்தை மாற்றிவிட்டேன். முதல் கேள்வி 'முகத்தைப் பார்த்தாயா' என்று இருக்கக்கூடாது. சாட்சியிடம் நானும் பேசமாட்டேன், முதலாளியும் பேசமாட்டார். வெற்றிலைக்காரப் பெண்ணுக்கு இதில் ஒரு சின்ன வேலை வந்திருக்கிறது. அவள் அதற்கும் அலுத்துக்கொள்கிறாள். தோழிக்கு ஊருக்கு எழுதினேன், உன் கட்டுரைகள் நல்லவைதான், ஆனால் அவற்றை எடுத்துக்கொண்டு போகிற ஊரில் யாரிடம் யார் 'இல்லை' என்று சொல்வார்கள் என்பதை முதலில் கண்டுபிடிக்கவேண்டும் என்று. அவள் இன்னும் பதில் எழுதவில்லை.

முத்திரை விழுந்த அன்று மாலை, அத்தோ கடைக்குப் போகாமல் நானும் நிலாவும் சந்தைக்குப் போனோம். பாக்கியம் அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து கீரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். எனக்குக் கட்டுகளைப் பார்த்துப் பார்த்து எடுத்தார்.

"அக்கா, எல்லாம் சரியாப் போச்சு. அவன் மேல ஒண்ணும் இல்லை. ஸ்டேஷனுக்கு யாரும் போகலை. சுப்பிரமணிகிட்ட சொல்லுங்க. இனிமே அவன் திரும்பி வரலாம், இல்லையா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்.

"ஹொட்கே, சயாமா. வந்துருவான். சீக்கிரமே வந்துருவான்."

நான் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தேன். நிலா என் கையைப் பிடித்து அழுத்தினாள். கீரையை வாங்கிக்கொண்டு, "சரிக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.